கருவில் இரத்தக்குழாய் உருவாவதும் எபிஜெனெடிக் நொதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தக்குழாய் வளர்ச்சியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் வளர்ச்சிக் காரணிகள், சைகை வழிகள் ஆகியவற்றின் பெயர்கள்தான் முதலில் வந்து நிற்கும். குழாயை வளரத் தூண்டும் விஈஜிஎஃப், செல்களுக்கிடையே செய்தி கடத்தும் நாட்ச், வின்ட் என்று ஒரு வரிசை. ஒரு செல்லுக்கு வெளியிலிருந்து சைகை வந்ததும் அந்தச் செல்லின் எந்த மரபணு பதில் சொல்லும், எது பேசாமல் இருக்கும் என்பதை முடிவு செய்யும் இன்னொரு கூட்டம், எபிஜெனெடிக் நொதிகள், செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. அதைப் பற்றி மாணவர்களும், மரபணுப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் பெற்றோர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கருவுக்கு இரத்தக்குழாய் ஏன் அவ்வளவு சீக்கிரம் தேவைப்படுகிறது?

ஆக்சிஜன் திசுக்களுக்குள் தானாகப் பரவிச் செல்லக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடக் கொஞ்சம் அதிகம். கரு அதைத் தாண்டி வளர்ந்துவிட்டால் குழாய் இல்லாமல் உள்ளே இருக்கும் செல்கள் பிழைக்காது. அதனால்தான் கருவில் முதலில் வேலை செய்யத் தொடங்குவது இரத்த ஓட்ட மண்டலம். மனிதக் கருவில் மூன்றாவது வாரத்திலேயே, கருவோடு இணைந்திருக்கும் மஞ்சள்கருப் பையின் சுவரில் முதல் குழாய்கள் தோன்றுகின்றன. ஏறத்தாழ 22-ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போது தெரிந்திருக்காது.

குழாய்கள் எப்படித்தான் உருவாகின்றன?

இரண்டு கட்டமாக. முதல் கட்டத்தில், கருவின் நடு அடுக்கைச் சேர்ந்த சில செல்கள் எண்டோதீலியச் செல்களாக மாறுகின்றன. இரத்தக்குழாயின் உட்பக்கத்தை விரிப்புப் போல் மூடியிருப்பவை இவைதான். அவை ஒன்றோடொன்று சேர்ந்து, அளவில் பெரிய வேறுபாடு இல்லாத ஒரு குழாய் வலையை உண்டாக்குகின்றன. இரண்டாம் கட்டத்தில் அந்த வலை திருத்தி அமைக்கப்படுகிறது. சில குழாய்கள் பருக்கின்றன, சில மறைகின்றன, இருக்கிற குழாயிலிருந்து புதிய கிளைகள் முளைக்கின்றன, தமனியும் சிரையும் தனித்தனி அடையாளம் பெறுகின்றன. வெளியிலிருந்து தசைச் செல்கள் வந்து சுவரைப் பலப்படுத்துகின்றன.

இந்த இரண்டாம் கட்டத்துக்கு இரத்தம் ஓடியே ஆக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு முக்கியமான கேள்விக்கு இது தேவைப்படும்.

எபிஜெனெடிக் நொதி என்றால் என்ன?

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமான டிஎன்ஏ இருக்கிறது. அது ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல், நூல்கண்டில் நூலைச் சுற்றியதுபோல் சுற்றப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு உருளையின் மேல் 147 எழுத்து நீள டிஎன்ஏ சுற்றியிருக்கும். இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் இருக்கும் மரபணுவைச் செல்லால் எளிதில் படிக்க முடியாது. தளர்ந்த இடத்தில் இருப்பதைப் படிக்கலாம்.

இந்த இறுக்கத்தையும் தளர்ச்சியையும் மாற்றுபவைதான் எபிஜெனெடிக் நொதிகள். டிஎன்ஏவின் எழுத்து வரிசையில் இவை கைவைப்பதில்லை. இவற்றில் சில ஹிஸ்டோன்களின் மேல் அசிட்டைல் அல்லது மெத்தில் என்ற சிறு வேதிக் குழுக்களை ஒட்டுகின்றன. சில அவற்றைக் கழற்றுகின்றன. சில நேரடியாக டிஎன்ஏவின் மேலேயே மெத்திலை ஒட்டுகின்றன. இன்னொரு வகை ஏடிபி என்ற செல்லின் ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து, ஹிஸ்டோன் உருளைகளையே நகர்த்துகிறது, பிரித்துப்போடுகிறது. குரோமாட்டின் மறுசீரமைப்பு நொதிகள் என்று இவற்றைச் சொல்வார்கள். பொதுவாக அசிட்டைல் ஒட்டினால் மரபணு திறக்கும், கழற்றினால் மூடும். மெத்தில் விஷயம் அப்படி எளிதல்ல. ஹிஸ்டோனில் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து அது திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும்.

மரபணு இருக்கிறது, அது வேலை செய்கிறது. அப்புறம் இத்தனை கட்டுப்பாடு எதற்கு?

அளவுக்காக. 1996-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவை வெளியிட்டன: விஈஜிஎஃப் மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்றை மட்டும் இழந்த சுண்டெலிக் கருகூட, கருவுற்ற 11, 12-ஆம் நாள் வாக்கில் குழாய்கள் சரியாக அமையாமல் இறந்துபோகிறது. பெரும்பாலான மரபணுக்களில் ஒரு நகல் போனாலும் மற்றது சமாளித்துவிடும். இங்கே பாதி அளவு போதவில்லை. நாட்ச் சைகையைத் தூண்டும் டிஎல்எல்4 மரபணுவும் இப்படித்தான் என்று 2004-இல் தெரிந்தது. இரத்தக்குழாய் வளர்ச்சியில் ‘இருக்கிறதா, இல்லையா’ என்று கேட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். எவ்வளவு, எங்கே, எந்த நாளில் என்று கேட்க வேண்டும். அந்த அளவைப் பிடித்து வைத்திருப்பதில் எபிஜெனெடிக் நொதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த நொதிகளுக்கும் இதே கண்டிப்பு பொருந்தும். பி300 என்ற அசிட்டைல் ஒட்டும் நொதி இல்லாத சுண்டெலிக் கருக்கள் 9 முதல் 11.5 நாட்களுக்குள் இறக்கின்றன என்று 1998-இல் காட்டினார்கள். ஒரு நகல் மட்டும் இருந்த கருக்களிலும் கணிசமானவை பிழைக்கவில்லை.

இந்த நொதிகள் எல்லாச் செல்களிலும் இருக்கின்றன. அப்படியிருக்க, இரத்தக்குழாய்க்கென்று தனி வேலை எப்படிச் செய்ய முடியும்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். இந்த நொதிகளில் பலவற்றுக்கு டிஎன்ஏவில் குறிப்பிட்ட எழுத்து வரிசையை அடையாளம் காணும் திறமை தாமாகக் கிடையாது. அவற்றைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரியான மரபணுவின் முன்னால் நிறுத்துபவை மரபணுப் படியெடுப்புக் காரணிகள். அந்தக் காரணிகளின் கூட்டணி செல்லுக்குச் செல் மாறும். எண்டோதீலியச் செல்லில் ஈடிவி2 போன்ற காரணிகள் ஒரு காலகட்டத்தில் இருக்கின்றன. நரம்புச் செல்லில் இருப்பவை வேறு. நொதி அதேதான், ஆனால் போய் நிற்கும் இடம் வேறு.

இதோடு வெளிச் சைகையும் சேர்கிறது. எண்டோதீலியச் செல்லுக்கு விஈஜிஎஃப் வந்து சேர்ந்ததும், எச்டிஏசி7 என்ற நொதியின் மேல் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. உடனே அது உட்கருவை விட்டு வெளியே போய்விடுகிறது. அது அடக்கி வைத்திருந்த மரபணுக்கள் அப்போது எழுந்துகொள்கின்றன. வெளியில் வந்த செய்தியை மரபணு வரை கொண்டுபோகும் வழிகளில் இது ஒன்று.

இந்த எச்டிஏசி7 இல்லாமல் போனால் என்ன ஆகும்?

குழாய் வெடிக்கும். டெக்சஸ் மாநிலம் டல்லாஸில் எரிக் ஓல்சனின் ஆய்வகம் 2006-இல் வெளியிட்ட முடிவு இது. எச்டிஏசி7 நீக்கப்பட்ட சுண்டெலிக் கருவில் குழாய்கள் உருவாகத்தான் செய்தன. ஆனால் எண்டோதீலியச் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை. குழாய்கள் அகன்றன, கிழிந்தன, கருவுக்குள் இரத்தம் கசிந்தது. 11-ஆம் நாளை ஒட்டி கருக்கள் இறந்தன. மற்ற திசுக்களை விட்டுவிட்டு எண்டோதீலியத்தில் மட்டும் நீக்கியபோதும் இதுவே நடந்தது.

காரணத்தைத் தேடிப்போனபோது எம்எம்பி10 என்ற மரபணு கிடைத்தது. செல்களைச் சுற்றியிருக்கும் புரத வலையைக் கரைக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு அது. எச்டிஏசி7 வழக்கமாக எம்இஎஃப்2 என்ற காரணியோடு சேர்ந்து எம்எம்பி10-ஐ அடக்கி வைத்திருக்கிறது. அடக்கும் கை போனதும் எம்எம்பி10 பெருகியது, சுவரைப் பிடித்திருந்த வலை கரைந்தது.

ஒரு சின்னத் தகவல்: எச்டிஏசி என்றால் அசிட்டைலைக் கழற்றும் நொதி. ஆனால் எச்டிஏசி7-க்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் கழற்றும் திறன் மிகக் குறைவு. அவை பெரும்பாலும் எச்டிஏசி3 போன்ற திறமையான நொதிகள் உள்ள கூட்டத்தை அழைத்து வந்து உட்கார வைக்கின்றன.

சிஎச்டி4 என்பதும் குழாய்ச் சுவரோடு தொடர்புடையதுதானே?

ஆமாம், அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சிஎச்டி4 ஹிஸ்டோன் உருளைகளை நகர்த்தும் வகையைச் சேர்ந்தது. நியூஆர்டி என்ற பெரிய புரதக் கூட்டத்தின் இயந்திரம் அதுதான். அமெரிக்காவின் ஓக்லஹோமா மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் கோர்ட்னி கிரிஃபின் நடத்தும் ஆய்வகம் இதைப் பல ஆண்டுகளாகத் துருவி வருகிறது.

எண்டோதீலியத்தில் சிஎச்டி4 இல்லாத சுண்டெலிக் கருக்கள் கர்ப்பகாலத்தின் நடுவில் குழாய் கிழிந்து இறக்கின்றன. கிழிவதற்கு முன்பே குழாயைச் சுற்றியுள்ள புரத வலை மெலிந்துபோயிருந்தது. 2013-இல் அவர்கள் காட்டியது இது: யூபார் என்ற மரபணு அளவுக்கு மேல் வேலை செய்கிறது, த்ரோம்போஸ்பாண்டின்-1 குறைந்திருக்கிறது. முதலாவது பிளாஸ்மின் என்ற கரைக்கும் நொதியைத் தூண்டுவது, இரண்டாவது அதைத் தடுப்பது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் பிளாஸ்மின் பெருகும். பெருகியிருந்ததைக் குழாயைச் சுற்றிலும் அளந்தும் பார்த்தார்கள். சிஎச்டி4 உள்ள கூட்டம் இந்த இரண்டு மரபணுக்களின் தொடக்கப் பகுதியிலும் நேரடியாக உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது.

இதற்குப் பிறகு செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. யூபாரோடு சேர்ந்து பிளாஸ்மினைத் தூண்டும் யூரோகைனேஸின் அளவை மரபணு வழியாகக் குறைத்தார்கள். சிஎச்டி4 இல்லாத நிலையிலேயே அந்தக் குழாய்கள் கிழிவதிலிருந்து தப்பின. ஒரு நொதி போனதால் ஆயிரம் மரபணுக்கள் மாறலாம், அந்த ஆயிரத்தில் எது கருவைக் கொன்றது என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்றைத் திருத்தி கருவைப் பிழைக்க வைத்தால்தான் அது காரணம் என்று நம்பலாம். இந்தத் துறையில் ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படிப்பவர்கள் முதலில் இப்படி ஒரு மீட்புச் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள்.

சுவரைக் கரைக்கும் மரபணுக்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

தற்செயல் அல்ல. மெத்தில் ஒட்டி மரபணுக்களை மூடும் ஈஇசட்எச்2 என்ற இன்னொரு நொதியை எண்டோதீலியத்திலிருந்து நீக்கியபோதும் கருவின் குழாய்கள் பலவீனமாயின. அங்கே கட்டுமீறியது எம்எம்பி9. 2014-இல் வெளியான முடிவு. ஆக, எச்டிஏசி7, சிஎச்டி4, ஈஇசட்எச்2 என்று மூன்று வேறுபட்ட நொதிகள், மூன்று வேறுபட்ட வேதியியல், ஆனால் காவல் ஒரே வகை மரபணுக்களுக்கு.

காரணம் குழாய் வளரும் விதத்திலேயே இருக்கிறது. புதிய கிளை முளைக்க வேண்டுமானால் பழைய சுவரைச் சுற்றியுள்ள வலையைக் கொஞ்சம் கரைத்தாக வேண்டும். அதனால் கரைக்கும் கருவிகளை எண்டோதீலியச் செல் கைவசம் வைத்திருக்கிறது. ஆனால் கிளை முளைத்து இரத்தம் அழுத்தத்தோடு ஓடத் தொடங்கியதும் அதே கருவி ஆபத்தாகிவிடும். மரபணுவை மூடி வைப்பது என்றால் சும்மா இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கருவின் இரத்தக்குழாயைப் பொறுத்தவரை மூடி வைப்பதற்கு இடைவிடாத வேலை தேவைப்படுகிறது. அதைச் செய்யும் நொதி இல்லாமல் போனால் சில நாட்களுக்குள் கரு இறக்கிறது.

பிஆர்ஜி1 என்ன செய்கிறது?

இதுவும் ஹிஸ்டோன் உருளைகளை நகர்த்துவதுதான். பெரும்பாலும் திறக்கும் பக்கம் நிற்பது. எண்டோதீலியத்தில் இது இல்லாத சுண்டெலிக் கருவின் மஞ்சள்கருப் பையில் குழாய்கள் மெலிந்து, கிளைகள் குறைந்து காணப்பட்டன என்று 2008-இல் கிரிஃபினும் டெர்ரி மேக்னசனும் எழுதினார்கள். கருவின் ஆரம்பகாலச் சிவப்பணுக்களும் அழிந்தன. ஹீமோகுளோபினுக்கான குளோபின் மரபணுக்களைத் திறக்கவும் பிஆர்ஜி1 தேவை.

குழாய்ப் பிரச்சினைக்கு வின்ட் சைகை குறைந்துபோனது ஒரு காரணம் என்று 2011-இல் தெரிந்தது. வின்ட் சைகையை வேறு வழியில் தூண்டும் லித்தியம் குளோரைடைக் கொடுத்தபோது பையின் குழாய்கள் தேறின. அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. பிஆர்ஜி1-ஐயும் சிஎச்டி4-ஐயும் சேர்த்தே நீக்கினார்கள். இரண்டு முக்கியமான நொதிகள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? மஞ்சள்கருப் பையின் குழாய்கள் நன்றாக இருந்தன. வின்ட் மரபணுக்களை ஒன்று ஏற்றுகிறது, மற்றது இறக்குகிறது. இரண்டு பக்கமும் இழுப்பதை நிறுத்திவிட்டால் சமநிலை திரும்பிவிடுகிறது. அந்தப் பையில், அந்த நாட்களில் மட்டும்தான் இது. கருவின் உடலுக்குள் இரண்டும் இல்லாமல் சமாளிக்க முடியாது.

தமனி, சிரை என்று பிரிவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டா?

உண்டு. முன்பெல்லாம் இரத்த அழுத்தமும் ஓட்டமும்தான் ஒரு குழாயைத் தமனியாகவோ சிரையாகவோ ஆக்குகின்றன என்று நினைத்தார்கள். 1998-இல் டேவிட் ஆண்டர்சனின் குழு, தமனிச் செல்களில் எஃப்ரின்-பி2, சிரைச் செல்களில் இபிஎச்-பி4 என்று தனித்தனி அடையாளங்கள் கருவின் ஆரம்பத்திலேயே இருப்பதைக் காட்டியது. சிரை என்ற அடையாளத்தைக் காப்பாற்றுவது கூப்-டிஎஃப்2 என்ற காரணி. அது நாட்ச் சைகையை அடக்கி, தமனியாகும் வழியை அடைக்கிறது. அந்தக் கூப்-டிஎஃப்2 மரபணுவைத் திறந்து வைப்பது பிஆர்ஜி1 என்று 2013-இல் கண்டறிந்தார்கள். பிஆர்ஜி1 இல்லாத கருவின் சிரைகளில் தமனிக்குரிய அடையாளங்கள் தலைகாட்டின.

நோயுற்ற கருவில் குழாய் கெடுவது இயல்புதானே? நொதிதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சரியான சந்தேகம். இரண்டாம் கட்டத்துக்கு இரத்தம் ஓட வேண்டும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? இதயம் சரியாகத் துடிக்காத கருவிலும், சிவப்பணு போதாத கருவிலும் மஞ்சள்கருப் பையின் குழாய்கள் திருந்தி அமையாது. பார்ப்பதற்கு நேரடிக் குழாய்க் கோளாறு போலவே இருக்கும். உதாரணமாக, செட்-டி2, டாட்1எல் என்ற இரண்டு மெத்தில் ஒட்டும் நொதிகளை உடல் முழுவதும் நீக்கினால் 10-ஆம் நாள் வாக்கில் பையின் குழாய்கள் கெட்டு கரு இறக்கிறது. ஆனால் டாட்1எல் இல்லாத கருவில் இதயமும் வீங்கியிருக்கிறது, வளர்ச்சியும் குன்றியிருக்கிறது. உடல் முழுவதும் நீக்கிய ஒரு சோதனையை மட்டும் வைத்து அது குழாயின் நொதி என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

இதற்காகவே ஒரு திசுவில் மட்டும் மரபணுவை வெட்டும் முறை இருக்கிறது. கிரீ என்ற வெட்டும் நொதியை, எண்டோதீலியத்தில் மட்டும் இயங்கும் ஒரு மரபணுத் தொடக்கத்தோடு இணைத்துவிடுவார்கள். அதிகம் பயன்படுவது டை2 மரபணுவின் தொடக்கம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: டை2 இரத்த அணுக்களிலும் வெட்டும். அதனால் குழாயில் தெரியும் மாற்றம் குழாயிலேயே பிறந்ததா, இரத்தசோகையிலிருந்து வந்ததா என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

ஏன் எப்போதும் சுண்டெலி? வேறு உயிர்கள் இல்லையா?

ஜீப்ரா மீன் இருக்கிறது. அதன் கரு கண்ணாடி போல் தெளிவானது, தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, கருவுற்று ஒரே நாளில் இரத்தம் ஓடத் தொடங்குகிறது. எண்டோதீலியச் செல்கள் பச்சை நிறத்தில் ஒளிரும் மீன் வகையை 2002-இல் உருவாக்கினார்கள். அதை வைத்து ஒரு கிளை முளைப்பதை நுண்ணோக்கியில் நேரலையாகவே பார்க்கலாம். எலிக் கருவில் கிடைக்காத இன்னொரு வசதியும் உண்டு: மீன் கரு மிகச் சிறியது என்பதால் தண்ணீரிலிருந்தே ஆக்சிஜன் உள்ளே பரவிவிடும். இரத்த ஓட்டமே இல்லாவிட்டாலும் சில நாட்கள் உயிரோடு இருக்கும். முந்தைய கேள்வியில் சொன்ன குழப்பம் இங்கே பெருமளவு குறைந்துவிடுகிறது.

கோழிக் கரு இவற்றுக்கெல்லாம் மூத்தது. அடைவைத்த முட்டையில் மூன்றாம் நாள் இரத்தப் பொட்டுப் போல் இதயம் துடிப்பதை அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆக்சிஜன் குறைவாக இருப்பது இந்த நொதிகளைப் பாதிக்குமா?

வளரும் கருவில் ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு. அந்தக் குறைவுதான் எச்ஐஎஃப் என்ற காரணி வழியாக விஈஜிஎஃப்-ஐத் தூண்டி, குழாயை வரவழைக்கிறது. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஹிஸ்டோன்களிலிருந்து மெத்திலைக் கழற்றும் நொதிகளில் ஒரு பெரிய குடும்பத்துக்கும் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். கேடிஎம்6ஏ, கேடிஎம்5ஏ என்ற இரண்டும் ஆக்சிஜன் குறைந்தால் நேரடியாகவே மந்தமாகின்றன என்று அதே 2019-இல் இரண்டு குழுக்கள் காட்டின.

சிஎச்டி4-க்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆர்ஐபிகே3 என்பது செல்லைச் சாகவைக்கும் ஒரு மரபணு. ஆக்சிஜன் குறைந்த எண்டோதீலியத்தில் அது எழுந்துவிடாமல் சிஎச்டி4 பிடித்து வைத்திருக்கிறது. சிஎச்டி4 இல்லாத கருவில் ஆர்ஐபிகே3-ஐயும் நீக்கியபோது குழாய் கிழிவது ஓரளவு தடுக்கப்பட்டது. 2020-இல் வெளியான முடிவு. இங்கும் மூடி வைக்கும் வேலைதான்.

இந்த நொதிகள் ஹிஸ்டோனை மட்டும்தான் தொடுகின்றனவா?

இல்லை. சர்ட்1 என்ற அசிட்டைல் கழற்றும் நொதி, நாட்ச் புரதத்தின் உட்பகுதியிலிருந்தே அசிட்டைலைக் கழற்றி அதன் ஆயுளைக் குறைக்கிறது. நாட்ச் குறைந்தால் கிளை முளைப்பது கூடும். ஆகவே ஒரு நொதியை நீக்கியதும் ஏற்படும் விளைவு எல்லாமே ஹிஸ்டோன் வழியாக வந்தது என்று எழுதுவது தவறாகிவிடும். ‘எபிஜெனெடிக்’ என்ற அடைமொழி கொஞ்சம் தாராளமாகவே பயன்படுகிறது.

மனிதக் குழந்தைகளில் இதன் விளைவைப் பார்க்க முடிகிறதா?

முடிகிறது. ஒரு நகல் மட்டும் பழுதாகும்போது கரு பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது, ஆனால் உறுப்புகளில் தடம் பதிகிறது.

கபுகி நோய்க்குறியை 1981-இல் ஜப்பானிய மருத்துவர்கள் நிகாவாவும் குரோகியும் விவரித்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கேஎம்டி2டி என்ற மெத்தில் ஒட்டும் நொதியின் மரபணு என்று 2010-இல் தெரிந்தது. சிலருக்கு மேலே சொன்ன கேடிஎம்6ஏ. இந்தக் குழந்தைகளில் பலருக்கு இதயக் குறைபாடு இருக்கும். அதிலும் பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருப்பது அடிக்கடி காணப்படுகிறது. கேஎம்டி2டி இல்லாத ஜீப்ரா மீன்களில் நாட்ச் சைகை அளவுக்கு மிஞ்சுவதையும், அதைத் தடுத்தால் இதயமும் குழாயும் தேறுவதையும் 2019-இல் காட்டினார்கள்.

சிஎச்டி4 மரபணுவின் ஒரு நகலில் மாற்றம் இருந்தால் வருவது சிஃப்ரிம்–ஹிட்ஸ்–வைஸ் நோய்க்குறி. வளர்ச்சித் தாமதமும் இதயக் குறைபாடும் அதில் உண்டு. சிலருக்கு மூளைக்குப் போகும் தமனிகள் குறுகும் மோயமோயா என்ற நிலையும் பதிவாகியிருக்கிறது. முன்பு சொன்ன பி300, அதன் நெருங்கிய உறவான சிபிபி ஆகியவற்றின் மரபணுக்களில் மாற்றம் வந்தால் ரூபின்ஸ்டீன்–டேபி நோய்க்குறி.

பெற்றோர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை குழந்தையில் புதிதாகத் தோன்றியவை. கர்ப்பகாலத்தில் அம்மா எதைச் சாப்பிட்டார், எங்கே போனார், எதைப் பார்த்தார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு இதய எக்கோ பரிசோதனை அவசியம். அடுத்த குழந்தை பற்றி யோசிப்பவர்கள் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.

அப்படியானால் தாயின் உணவும் உடல்நிலையும் எதையும் பாதிக்காதா?

பாதிக்கும், ஆனால் இணையத்தில் எபிஜெனெடிக்ஸ் பெயரில் விற்கப்படும் அளவுக்கு அல்ல. மெத்தில் ஒட்டும் நொதிகளுக்கு மூலப்பொருள் எஸ்-அடினோசில் மெத்தியோனின்; அது உருவாக ஃபோலிக் அமிலம் உதவுகிறது. அசிட்டைல் ஒட்ட அசிட்டைல்-கோஏ வேண்டும். ஆகவே உணவுக்கும் நொதிக்கும் வேதியியல் தொடர்பு உண்மை. அதை வைத்து, இந்தப் பொடியைச் சாப்பிட்டால் குழந்தையின் இரத்தக்குழாய் நன்றாக வளரும் என்று சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளச் சொல்வது நரம்புக்குழாய்க் குறைபாடுகளைத் தடுப்பதற்காக. அது நிரூபிக்கப்பட்டது. அதற்காகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயைத்தான் நான் கவலையோடு குறிப்பிடுவேன். கருத்தரிக்கும் முன்பே சர்க்கரை கட்டுக்கு மீறியிருந்தால் குழந்தைக்கு இதயக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுகிறது. அதிகச் சர்க்கரை உள்ள திரவத்தில் வளர்த்த எலிக் கருக்களின் மஞ்சள்கருப் பையில் குழாய்கள் சரியாக அமையவில்லை. முதல் குழாய்கள் மூன்றாவது வாரத்திலேயே தோன்றிவிடுவதால், கர்ப்பம் உறுதியான பிறகு சர்க்கரையைக் கவனிக்கத் தொடங்குவது தாமதம்தான்.

வலிப்பு மருந்து வால்ப்ரோயேட் இந்த நொதிகளைத் தடுக்கும் என்கிறார்களே?

உண்மை. சோடியம் வால்ப்ரோயேட் அசிட்டைல் கழற்றும் நொதிகளைத் தடுக்கிறது என்று 2001-இல் தெரிந்தது. கர்ப்பகாலத்தில் அதை எடுத்தவர்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருக்கிறது. பொதுவாக அது 2 அல்லது 3. நொதியைத் தடுப்பதுதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அதற்குப் பங்கு இருப்பதாக வலுவாகச் சந்தேகிக்கிறார்கள். கருத்தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே நரம்பியல் மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டும். தாமாக நிறுத்திவிடாதீர்கள். கட்டுப்படாத வலிப்பு தாயின் உயிருக்கே ஆபத்து.

இந்த நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் வேண்டுமென்றே தயாரிக்கப்படுகின்றனவா?

புற்றுநோய்க்காகத் தயாரிக்கப்படுகின்றன. எச்டிஏசி நொதிகளைத் தடுக்கும் வோரினோஸ்டாட், தோலில் வரும் ஒருவகை டி-செல் லிம்ஃபோமாவுக்காக 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஈஇசட்எச்2-வைத் தடுக்கும் டாஸெமெட்டோஸ்டாட் 2020-இல் ஒரு அரிய சார்கோமாவுக்காக ஒப்புதல் பெற்றது. புற்றுக்கட்டியும் வளர்வதற்குப் புதிய குழாய்களை இழுத்துக்கொள்கிறது. கருவில் பயன்பட்ட அதே விஈஜிஎஃப், நாட்ச் வழிகள் அங்கே திரும்ப வருகின்றன. அதனால் கருவில் கற்றது கட்டிக்கும் உதவும் என்ற நம்பிக்கை ஆய்வகங்களில் இருக்கிறது. ஆனால் கட்டியின் குழாயையும் இதயத்தின் குழாயையும் இந்த மருந்துகளுக்குப் பிரித்தறியத் தெரியாது. நொதிகளைக் குறிப்பிட்ட மரபணுவுக்கு அழைத்துப் போகும் காரணிகளைத் தடுக்க முடிந்தால் அந்தச் சிக்கல் குறையும் என்பது என் எண்ணம். அந்தக் காரணிகளின் மேல் மருந்து பிடித்துக்கொள்ளத் தக்க குழிவுகள் அரிதாக இருப்பதால் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது.

கருவின் குழாய்க்கு இவை எவ்வளவு அவசியம் என்பதால், இந்த மருந்துகளை எடுத்துக்கொள்பவர்கள் சிகிச்சைக் காலத்திலும், முடிந்த பிறகு மருத்துவர் சொல்லும் காலம் வரையிலும் கருத்தரிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஆண் நோயாளிகளுக்கும் இது பொருந்தும்.